ஆறு கிளப்புகளில் இரவல்: ஜோர்டன் பிக்ஃபோர்டின் தொடக்க ஆண்டுகள்

கேள்வி இது: "இங்கிலாந்து அணியின் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்ட் 17 வயதிலிருந்து 21 வயதுக்குள் ஆறு கிளப்புகளுக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, அனுப்பப்பட்டிருக்கிறார். சொந்தக் கிளப்பான சண்டர்லேண்ட் அவரை நம்பவில்லை என்றுதானே இதற்குப் பொருள்? அப்படிப்பட்டவர் எப்படி நாட்டின் முதன்மைக் கோல்கீப்பர் ஆனார்?"

நம்பாததால் அனுப்பவில்லை. அந்த ஆறு கிளப்புகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, அந்தந்த ஆண்டில் அவை இங்கிலாந்து லீக் கால்பந்தின் எந்த அடுக்கில் ஆடின என்று எதிரே குறித்துப் பாருங்கள். டார்லிங்டன், ஐந்தாம் அடுக்கு. ஆல்ஃப்ரெட்டன் டவுன், ஐந்து. பர்ட்டன் ஆல்பியன், நான்கு. கார்லைல் யுனைடெட், மூன்று. பிராட்ஃபோர்ட் சிட்டி, மூன்று. பிரெஸ்டன் நார்த் எண்ட், இரண்டு. அதன் பிறகு சொந்தக் கிளப்புக்காகப் பிரீமியர் லீக், அதாவது முதல் அடுக்கு. நான்கு ஆண்டுகளில் ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை, ஒரு படியும் கீழே இறங்கவில்லை. வேண்டாத பையனை இப்படி யாரும் படிப்படியாக ஏற்ற மாட்டார்கள்.

கோல்கீப்பரின் இடம் மற்ற இடங்களைப் போன்றதல்ல. இளம் முன்கள வீரன் ஒருவனைப் பெரிய கிளப் வளர்க்க நினைத்தால், வெற்றி உறுதியான போட்டிகளில் கடைசிப் பத்து நிமிடம் இறக்கிவிடலாம். அடுத்த மாதம் இருபது நிமிடம் கொடுக்கலாம். மிட்ஃபீல்டரை ஓரத்தில் ஆடவைத்துப் பழக்கலாம். கோல்கீப்பருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. இருப்பது ஒரே இடம். அங்கே நிற்பவருக்குக் காயம் பட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை காட்டப்பட வேண்டும். இல்லையென்றால் இரண்டாமவர் ஆண்டு முழுவதும் பெஞ்சில்தான். மூன்றாமவரும் நான்காமவரும் திடலுக்கே வர வேண்டியதில்லை.

பிக்ஃபோர்ட் 1994 மார்ச் 7 அன்று வாஷிங்டனில் பிறந்தார். அமெரிக்கத் தலைநகரம் அல்ல; இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லேண்டுக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. எட்டு வயதில் சண்டர்லேண்டின் இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் சேர்ந்தார். அவர் தொழில்முறை வீரராகும் பருவத்தில் அந்தக் கிளப்பில் கோல்கீப்பர்களாக யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் கிரெய்க் கோர்டன், பெல்ஜியத்தின் சிமோன் மினியோலே, அயர்லாந்தின் கீரன் வெஸ்ட்வுட். மினியோலே 2013இல் லிவர்பூலுக்குப் போனபோது இத்தாலியின் வீட்டோ மன்னோனே வந்தார். அடுத்த ஆண்டு ருமேனியாவின் கோஸ்டெல் பான்டிலிமோன் வந்தார். எல்லாரும் வளர்ந்த, அனுபவம் உள்ள ஆட்கள். இவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன் உள்ளூரிலேயே இருந்திருந்தால், 21 வயதுவரை இளையோர் போட்டிகளை மட்டும்தான் ஆடியிருப்பான்.

அந்த இளையோர் போட்டிகளில்தான் சிக்கல். திடல் நன்றாக இருக்கும், பயிற்சி நன்றாக இருக்கும், பந்தும் அதே பந்துதான். ஆனால் தோற்றால் யாருடைய சம்பளமும் குறையாது. கார்னர் கிக் வரும்போது 34 வயது முன்கள வீரர் ஒருவர் முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டு நிற்க மாட்டார். நான் கல்லூரி அணிக்கு மூன்று ஆண்டுகள் கோல்கீப்பராக நின்றவன். வயதில் மூத்தவர்கள் ஆடிய ஒரு போட்டிக்கு முதன்முறையாக என்னை அழைத்துப் போனார்கள். பந்தைப் பிடிப்பது அன்று எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பந்து வரும்வரை அந்தக் கூட்டத்துக்குள் என் இடத்தில் நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அதைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்க முடியாது. பிக்ஃபோர்டின் முதல் லோனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது.

டார்லிங்டனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிக்ஃபோர்டின் தொழில் வாழ்க்கை தொடங்கிய சூழல் அது. 2012 ஜனவரி. அவருக்கு இன்னும் 18 முடியவில்லை. டார்லிங்டன் கிளப் கடனில் மூழ்கி, நிர்வாகம் வேறொருவர் கைக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்தக் கிளப் 2003இல் 25,000 பேர் அமரும் ஒரு பெரிய திடலைக் கட்டிக்கொண்டது. சாதாரண நாட்களில் அதில் பத்தில் ஒரு பங்கு நிறைவதே அரிது. அந்தத் திடலின் சுமை கிளப்பை ஆண்டாண்டுகளாக அழுத்திக்கொண்டிருந்தது. ஜனவரி நடுவில் வீரர்களின் ஒப்பந்தங்களையே ரத்துசெய்யும் நிலை வந்தது. கிளப்பை இழுத்து மூடப்போகிறார்கள் என்ற கட்டத்தில், ரசிகர்கள் பணம் திரட்டிக் கடைசி நேரத்தில் மூச்சுக் கொடுத்தார்கள். சண்டர்லேண்டிலிருந்து இரவலாக வந்த பையன் தன் முதல் பெரியவர் போட்டியை அந்தத் திடலில், அந்த மாதத்தில் ஆடினான். எதிரணி ஃப்ளீட்வுட் டவுன். டார்லிங்டன் 0–1 என்று தோற்றது.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த ஆண்டு ஃப்ளீட்வுட்டுக்காகக் கோல் மேல் கோல் அடித்துக்கொண்டிருந்தவர் ஜேமி வார்டி. ஆறு ஆண்டுகள் கழித்து, 2018 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அனுப்பிய 23 பேரில் இருவரும் இருந்தார்கள். ஐந்தாம் அடுக்கில் ஒரே பருவத்தில் எதிரெதிர் அணிகளில் இருந்த இரண்டு பேர்! இங்கிலாந்துக் கால்பந்தின் கீழடுக்குகளை நான் விரும்பிக் கவனிப்பதற்கு இதுதான் காரணம்.

டார்லிங்டனுக்காக 17 போட்டிகள் ஆடினார். கிளப் அந்த ஆண்டு பட்டியலின் அடியில் முடித்து, அடுத்த அடுக்குக்குக் கீழிறங்கியது. கோடையில் பழைய கிளப் கலைந்து, புதிதாக அமைக்கப்பட்ட கிளப் டார்லிங்டன் 1883 என்ற பெயரில் ஒன்பதாம் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. புள்ளிவிவரமாகப் பார்த்தால் தோல்விக் கணக்கு. ஆனால் ஒரு 17 வயதுப் பையன், சம்பளம் வருமா வராதா என்று தெரியாத மூத்தவர்களுக்கு முன்னால் நின்று, பந்து பின்னால் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையைச் செய்திருக்கிறான். தவறு செய்தால் அன்றிரவு அது யாரைப் பாதிக்கும் என்பது அவன் கண்ணெதிரே இருந்தது. எந்த அகாடமியும் இப்படியொரு பாடத்தை உருவாக்கித் தர முடியாது.

ஆல்ஃப்ரெட்டன் 2013இல், 12 போட்டிகள். அதைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம்: அதே அடுக்கு, அதே வகைக் கால்பந்து, ஆனால் இந்த முறை கிளப் சாகும் கவலை இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பர்ட்டன். லீக் டூ என்று அழைக்கப்படும் நான்காம் அடுக்கு. மேலாளர் கேரி ரோவெட். அங்கேயும் லீக்கில் 12 போட்டிகள். இந்த லோன்கள் அப்போது ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எடுக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டவை. வீரர் பரிமாற்றக் காலம் முடிந்த பிறகும் அவசர லோனில் ஆள் எடுக்கக் கீழடுக்குக் கிளப்புகளுக்கு அனுமதி இருந்தது. 2016க்குப் பிறகு அந்த ஏற்பாடு போய்விட்டது. கோல்கீப்பர் எல்லாரும் காயம்பட்டால் மட்டும் சில நாட்களுக்கு ஒருவரை இரவல் வாங்கலாம். பிக்ஃபோர்டின் தலைமுறைக்குக் கிடைத்த அந்தச் சிறுசிறு வாய்ப்புகள் இன்றைய பையன்களுக்கு அதே வடிவில் இல்லை. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

2014 பிப்ரவரியில் கார்லைல். மூன்றாம் அடுக்கின் அடிவாரத்தில் தத்தளித்த அணி. 18 போட்டிகள் ஆடினார், அணி கீழிறங்கியது. ஆக, 20 வயதுக்குள் இரண்டு அணிகள் கீழிறங்கியதை உள்ளேயிருந்து பார்த்துவிட்டார். கீழிறங்கும் அணியின் கோல்கீப்பருக்கு வேலை அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. முன்னணி அணியின் கோல்கீப்பர் தொண்ணூறு நிமிடத்தில் இரண்டு முறை கை நீட்டுவார். இவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து முறை நீட்ட வேண்டியிருந்தது.

பிராட்ஃபோர்டில்தான் முதல்முறையாக நீண்ட காலம் இருந்தார். 2014–15 பருவம், லீக்கில் 33 போட்டிகள். மேலாளர் பில் பார்க்கின்சன். வேலி பரேட் திடலுக்கு வாரந்தோறும் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் வருவார்கள். மூன்றாம் அடுக்குக்கு அது பெரிய கூட்டம். அந்த ஆண்டு, பல அடுக்குக் கிளப்புகளும் கலந்து மோதும் எஃப்.ஏ. கோப்பையில் பிராட்ஃபோர்ட் செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள்: செல்சியின் சொந்தத் திடலில் 0–2 என்று பின்தங்கி, பிறகு 4–2 என்று வென்றது. அன்று கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் பிக்ஃபோர்ட் அல்ல, பென் வில்லியம்ஸ். அடுத்த சுற்றில் பிராட்ஃபோர்ட் சொந்த மண்ணில் 2–0 என்று வீழ்த்திய அணி எது தெரியுமா? சண்டர்லேண்ட். தன்னை இரவல் கொடுத்த கிளப்பை, தன்னை இரவல் வாங்கிய கிளப் தோற்கடிப்பதை அந்தப் பையன் வெளியிலிருந்து பார்த்தான்.

2015 கோடையில் பிரெஸ்டன். அப்போதுதான் இரண்டாம் அடுக்குக்கு ஏறிவந்திருந்த கிளப், மேலாளர் சைமன் கிரேசன். இங்கேதான் கதை திரும்பியது. 24 லீக் போட்டிகள். அவற்றில் ஏறக்குறைய பாதியில் கோல் விடவே இல்லை. பந்தை எட்டித் தடுப்பது மட்டுமல்ல, அவருடைய இடது காலும் இங்கே பேசப்பட்டது. பந்தைக் கையிலிருந்து விட்டு, உடலைச் சாய்த்து, உயரம் போகாமல் தட்டையாக அறுபது மீட்டர் தள்ளி ஓடும் வீரனின் காலடியில் போடுவார். கோல்கீப்பரின் உதையைப் பந்தைத் தள்ளிவிடும் வேலையாகப் பார்த்தவர்கள் இதைத் தாக்குதலின் முதல் பாஸ் என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

டிசம்பர் முடிவில் சண்டர்லேண்ட் அவரைத் திரும்ப அழைத்தது. காரணம் எளிது: ஜனவரியில் பான்டிலிமோன் வாட்ஃபோர்டுக்குப் போனார், ஓர் இடம் காலியானது. 2016 ஜனவரி 9 அன்று எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலுக்கு எதிராகச் சொந்தக் கிளப்புக்காக முதல் போட்டி; 1–3 தோல்வி. ஒரு வாரம் கழித்து டாட்டன்ஹாமுக்கு எதிராகப் பிரீமியர் லீகில் முதல் போட்டி, 1–4 தோல்வி. அந்தப் பருவத்தில் இன்னும் ஒரே ஒரு லீக் போட்டி. பிறகு மன்னோனே இடத்தைப் பிடித்துக்கொண்டார், மேலாளர் சாம் அலர்டைஸின் கீழ் அணி கீழிறங்காமல் தப்பிப் பிழைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட போட்டிகளை வெளியே ஆடிவிட்டு வந்தவருக்குச் சொந்த வீட்டில் மறுபடியும் பெஞ்ச்.

அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் மன்னோனேயின் கையில் காயம். கோல்கீப்பரின் வாழ்க்கையில் கதவு திறப்பது பெரும்பாலும் இப்படித்தான்; இதை ஒளிக்க வேண்டியதில்லை. 2016–17இல் மேலாளர் டேவிட் மொய்ஸின் சண்டர்லேண்ட் பிரீமியர் லீகின் மிக மோசமான அணி. 38 போட்டிகளில் 24 புள்ளிகள், 69 கோல் வாங்கியது, கடைசி இடம். பத்து ஆண்டுகள் தொடர்ந்து முதல் அடுக்கில் இருந்த கிளப் கீழிறங்கியது. நடுவில் முழங்காலில் காயம்பட்டு சில வாரங்கள் வெளியே இருந்தும் பிக்ஃபோர்ட் 29 லீக் போட்டிகளில் ஆடினார். அந்த அணியிலிருந்து ஒருவர், அதுவும் கோல்கீப்பர், தொழில்முறை வீரர்கள் சங்கத்தின் ஆண்டின் சிறந்த இளம் வீரர் விருதுக்கான ஆறு பேர் பட்டியலில் இடம்பெற்றார். மற்ற ஐவர்: டெலே அலி, ஹாரி கேன், ரொமேலு லுகாகு, லெராய் சானே, மைக்கேல் கீன். கடைசி இடத்து அணியின் ஆளை அந்த வரிசையில் வைத்தவர்கள் வாரந்தோறும் அவருக்கு எதிரே ஆடிய சக வீரர்கள். எனக்கு அது எந்தப் பத்திரிகையாளரின் பாராட்டையும் விடப் பெரிது.

இங்கேதான் டார்லிங்டனும் கார்லைலும் பயன்பட்டன என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாரந்தோறும் தோற்கும் அணியில் நிற்கும் இளம் கோல்கீப்பருக்கு முதலில் உடைவது மனம். இரண்டாவது கோல் விழுந்ததும் தோள் தொங்கும். மூன்றாவதுக்குக் கால் நகராது. அந்த ஆண்டு பிக்ஃபோர்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 0–3 என்று இருக்கும்போதும் அவர் டிஃபெண்டர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பார். தோற்கும் அணியில் எப்படி நிற்பது என்பதை அவர் 17 வயதிலேயே பழகியிருந்தார்.

2017 ஜூன் 15 அன்று எவர்டன் அவரை வாங்கியது. முதலில் இரண்டரைக் கோடி பவுண்டு, நிபந்தனைகள் நிறைவேறினால் மூன்று கோடிவரை. பிரிட்டிஷ் கோல்கீப்பர் ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. உலக அளவில் அன்று இதைவிட அதிக விலைக்குப் போன கோல்கீப்பர்கள் புஃபோனும் எடர்சனும் மட்டும்தான். கையெழுத்தான மறுநாள் அவர் போலந்தின் கியெல்ட்சே நகரில் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக ஆடி ஒரு பெனால்டியைத் தடுத்தார். அரையிறுதியில் ஜெர்மனியிடம் பெனால்டியில்தான் இங்கிலாந்து தோற்றது. நவம்பர் 10 அன்று வெம்ப்ளியில் அதே ஜெர்மனிக்கு எதிராக முதல்முறை மூத்தோர் அணியில், 0–0. எவர்டனில் முதல் பருவத்தின் 38 லீக் போட்டிகளிலும் அவரே நின்றார்.

2018 உலகக் கோப்பைக்குப் போகும்போது நாட்டுக்காக அவர் ஆடியிருந்தது மூன்றே போட்டிகள். 75 போட்டிகள் ஆடியிருந்த ஜோ ஹார்ட்டை மேலாளர் கேரத் சவுத்கேட் அழைத்துச் செல்லவே இல்லை. அங்கே பெல்ஜியத்துடன் ஆடிய போட்டியில் அந்த நாட்டின் யானுசாய் அடித்த கோலை அடுத்து, பிக்ஃபோர்டின் உயரம் போதாது என்ற பேச்சு எழுந்தது. அவர் 1.85 மீட்டர், இந்தக் காலத்துக் கோல்கீப்பர்களில் குள்ளம்தான்.

ஐந்து நாள் கழித்து மாஸ்கோவில் கொலம்பியா. பெனால்டியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் முதலில் சொல்வது அதற்கு முந்தைய ஒரு தடுப்பை. 90 நிமிடம் தாண்டிவிட்டது, இங்கிலாந்து 1–0. மத்தேயுஸ் உரிபே வெகுதூரத்திலிருந்து விட்ட பந்து மேல்மூலைக்குப் பாய்ந்தது. பிக்ஃபோர்ட் முழு நீளத்துக்குப் பாய்ந்து விரல் நுனியால் வெளியே தட்டினார். அதில் கிடைத்த கார்னர் கிக்கில் யெர்ரி மினா தலையால் முட்டி சமன் செய்துவிட்டார் என்பதால் அந்தத் தடுப்பு பலருக்கு மறந்தே போனது. கோல்கீப்பரின் பிழைப்பே அப்படிப்பட்டதுதான். பிறகு பெனால்டி. உரிபேயின் உதை குறுக்குக் கம்பத்தில் பட்டது. கார்லோஸ் பாக்காவின் உதைக்கு பிக்ஃபோர்ட் வலப்பக்கம் விழுந்துகொண்டிருந்தார். பந்து அவருக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் வந்தது. விழுந்தபடியே இடது கையை மேலே வீசித் தடுத்தார். 1990, 1998, 2006 என்று உலகக் கோப்பைப் பெனால்டிகளில் மூன்று முறை ஆடி மூன்றிலும் தோற்ற நாடு, அன்று முதல்முறை வென்றது. கால் இறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக அவர் கோலே விடவில்லை.

எல்லாருக்கும் இதே வழி என்று சொல்ல மாட்டேன். பீட்டர் ஷில்டன் 1966இல் 16 வயதிலேயே லெஸ்டருக்காக ஆடினார். அவருக்கு இடம் கொடுக்க, உலகக் கோப்பையை வென்ற கோர்டன் பேங்க்ஸையே கிளப் அடுத்த ஆண்டு விற்றது. ஜோ ஹார்ட் தன் 17ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் ஷ்ரூஸ்பரி டவுனுக்காக இறங்கினார். சிறிய கிளப்பில் பிறந்து வளர்ந்ததால் இரவல் போகாமலே பெரியவர் ஆட்டம் கிடைத்தது. ஆனாலும் மான்செஸ்டர் சிட்டிக்குப் போன பிறகு ட்ரான்மியர், பிளாக்பூல், பர்மிங்ஹாம் என்று அவரும் சுற்ற வேண்டியிருந்தது. ஆரன் ராம்ஸ்டேல் செஸ்டர்ஃபீல்டில் லோனில் இருந்தபோது அந்தக் கிளப் நான்காம் அடுக்கிலிருந்தே கீழிறங்கியது. பின்னர் போர்ன்மவுத், ஷெஃபீல்ட் யுனைடெட் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு அணிகள் அவரோடு கீழிறங்கின. அதற்குப் பிறகும் ஆர்சனல் அவரை வாங்கியது.

ஆகவே ஓர் இளம் கோல்கீப்பரின் லோன் பட்டியலைப் பார்க்கும்போது கிளப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை போட்டி ஆடினார், அடுத்த இடம் முந்தையதைவிட மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு இடங்களுக்குப் போய் ஆறிலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அப்போது உங்கள் சந்தேகம் நியாயம்.

இந்தக் கணக்கு இன்று யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் ஜேம்ஸ் ட்ராஃபோர்டைச் சொல்வேன். மான்செஸ்டர் சிட்டி அகாடமி, அக்ரிங்டனிலும் போல்டனிலும் லோன். 2023இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையில் ஒரு கோல்கூட விடாமல், ஸ்பெயினுக்கு எதிரான இறுதிப் போட்டியின் கடைசி நிமிடப் பெனால்டியையும் தடுத்தார். பிறகு பர்ன்லி, 2024–25இல் இரண்டாம் அடுக்கில் 46 போட்டிகளில் அந்த அணி வாங்கியது 16 கோல்தான். 2025 கோடையில் சிட்டி அவரைத் திரும்ப வாங்கியது. பருவத்தின் முதல் மூன்று லீக் போட்டிகளில் நின்றார். செப்டம்பர் தொடக்கத்தில் இத்தாலியின் டொன்னரும்மா வந்து சேர்ந்தார், ட்ராஃபோர்ட் பெஞ்சுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 22. அதே வயதில்தான் பிக்ஃபோர்ட் மன்னோனேயின் பின்னால் காத்திருந்தார்.